சந்தைக்குப் பின்னால் வந்த நெருப்புக் காய்ச்சல்

போன மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. வவுனியாப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கதவில் சுகாதாரப் பகுதியின் அரக்கு முத்திரை. அதன் கீழே கடைக்காரருடைய முகம், அவர் எந்த ஊர், எந்தச் சனம் என்ற விபரம், அதற்கும் கீழே கண்டவர்களெல்லாம் எழுதிய வசைகள். அனுப்பியவர் முன்பு என்னுடைய பிரிவில் வேலை பழகிய பெண். இப்போது அவரும் நான் இருந்தது போலப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். "ஆரோ எடுத்துப் போட்டிருக்கினம் சேர். எங்கட அலுவலக ஆக்களும் சிலர் பகிர்ந்திருக்கினம். சனம் அறியத்தானே வேணும் எண்டு சொல்லுகினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் எழுதி, திருப்தியில்லாமல் அழித்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் உண்டு. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

நான் பயிற்சி பெற்றது யாழ்ப்பாணத்தில். டெங்கு பரப்பும் நுளம்பின் குடம்பிப் புழுவை அடையாளம் காண்பது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இருக்க வேண்டிய தூரம், இறைச்சிக் கடைச் சட்டம், வழக்குப் பத்திரம் எழுதும் முறை எல்லாவற்றையும் அங்கே படித்தேன். படித்ததில் பாதி கிளிநொச்சிக்கு வந்த முதல் கிழமையிலேயே உதவாமற் போய்விட்டது. போர் முடிந்து சனம் திரும்பி வந்து தறப்பாள் கூடாரங்களுக்குக் கீழே இருந்த காலம் அது. கிணறு இருந்த காணியில் வீடு இல்லை, வீடு இருந்த காணியில் மலசலகூடம் இல்லை. நாங்கள் கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டுக்கொண்டு திரிந்தோம். மருந்து மணக்கிறது, தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று சனம் ஏசும். அந்த ஏச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை பழகினேன்.

பிறகு பட்டணம் எழும்பியது. ஏ ஒன்பது வீதியின் இரு புறமும் கடைகள், வங்கிகள், இரண்டு மாடிக் கட்டடங்கள். சந்தைக்குப் பின்னால் சின்னச் சின்னக் காணிகளாகப் பிரித்து ஒரு குடியிருப்பு வந்தது. ஒரு வீட்டுக் குசினிப் புகை மற்ற வீட்டு அறைக்குள் போகும் அளவுக்கு நெருக்கம். அந்தக் காலத்தில்தான் டொக்டர் வதனி எங்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக வந்தார்.

அவர் வந்த முதல் நாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். டெங்கு பரவும் மாதம். எந்தத் தெருவுக்கு, எந்த ஒழுங்கைக்கு முதலில் போகப் போகிறோம் என்று கேட்பார் என நினைத்து, நான் வரைபடத்துடன் நின்றேன். அவர் அதைப் பார்க்கவில்லை. நேரே எங்கள் அலுவலகக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, அடியில் தண்ணீர் வடியும் தட்டை இழுத்தார். குடம்பிகள் நெளிந்தன.

"முதல் வழக்கு எங்களுக்குத்தான் போடவேணும் போல கிடக்கு, குலசிங்கம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சிரிக்கவில்லை. தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சரி, இனி வெளியில போவம்" என்றார்.

அவருடைய முறைகளை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் சோதனை செய்ய வந்திருக்கிறோம் என்று சொல்ல மாட்டார். "கை கழுவ ஒருக்கா சவர்க்காரம் தாறியளோ?" என்று கேட்பார். வீட்டுக்காரர் சவர்க்காரத்தைத் தேடும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். கை கழுவக் கிணற்றடிக்குப் போகும்போது மீதியையும் கண்ணால் அளந்துவிடுவார். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியை அவர் கேட்டு நான் அறியேன். "கொதிச்ச தண்ணியோ குடிக்கிறியள்?" என்று நான் ஒருமுறை ஒரு வீட்டில் கேட்டேன். "ஓம் ஐயா" என்றார்கள். திரும்பி வரும்போது டொக்டர் சொன்னார்: "அப்பிடிக் கேட்டா ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்? காலமை எழும்பினா முதல் அடுப்பில என்ன வைக்கிறனீங்கள் எண்டு கேளுங்கோ."

நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபோயிட், வந்தது அவர் வந்து இரண்டு மாரிக்குப் பிறகு.

முதலில் ஓர் ஓட்டோச் சாரதி. பிறகு துணிக்கடையில் வேலை செய்யும் பெண். பிறகு தச்சு வேலை செய்யும் தவராசாவின் மகள் சுகந்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. காய்ச்சல் விடாமல் காய, சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குடல் துளைபட்ட பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிழைப்பாளோ தெரியாது என்ற நிலையில் சில நாட்கள் கிடந்தாள். எல்லோரும் சந்தைக்குப் பின்னால் உள்ள அதே குடியிருப்பு.

எல்லோரையும் போல நாங்களும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்தோம். கிணறுகளில் மாதிரி எடுத்தோம், குளோரின் போட்டோம். மாதிரிகள் சுத்தமாக வந்தன. காய்ச்சல் நிற்கவில்லை. அடுத்தது சாப்பாடு. குடியிருப்பைச் சுற்றியிருந்த கடைகள் எல்லாவற்றையும் சோதித்தோம். அவற்றில் ஒன்று, ஒழுங்கை வீதியில் ஏறும் இடத்தில் செல்வராஜ் வைத்திருந்த தேத்தண்ணீர்க் கடை.

செல்வராஜ் மலையகத்தில் பிறந்தவன். கலியாணம் செய்து இங்கே வந்து, கூலி வேலை பார்த்து, பிறகு கடை போட்டவன். கடை சின்னது, ஆனால் துப்புரவானது. கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் ரோல்சும். காலையில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் சொதியும். எல்லாக் கடைக்கு முன்னாலும் எங்கள் வாகனம் நின்றது. ஆனால் அவனுடைய கடைக்கு முன்னால் நின்றதை மட்டுந்தான் சனம் கதைத்தது.

மற்றவர்கள் தண்ணீரையும் கடையையும் கேட்டுக்கொண்டிருக்க, டொக்டர் ஆஸ்பத்திரிக்கும் வீடுகளுக்கும் போய்ச் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தார். எங்கே சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. காய்ச்சலுக்கு முதல் கிழமை காலைச் சாப்பாடு எப்படி இருந்தது என்று கதை கேட்பது போலக் கேட்டார். பலர் செல்வராஜின் கடையில் இடியப்பம் வாங்கியிருந்தார்கள். ஆனால் துணிக்கடைப் பெண் அந்தக் கடைப்பக்கமே போனதில்லை. அவளுடைய வீட்டுக்கு இடியப்பம் அவிக்கும் ஒரு பெண்ணிடமிருந்து நேராக வரும்.

"இடியப்பத்தோட என்ன வச்சுச் சாப்பிட்டனீர்?" என்று டொக்டர் அவளைக் கேட்டார்.

"சம்பல்தான் டொக்டர். அவா சம்பலும் சேர்த்துத்தான் தாறவா."

"அம்மாவுக்குக் காய்ச்சல் வரேல்லையே. அவா என்னத்தோட சாப்பிட்டவா?"

"அம்மா உறைப்புச் சாப்பிடமாட்டா. சீனியும் பாலும் விட்டுச் சாப்பிடுறவா."

வெளியே வந்ததும் டொக்டர் சொன்னார்: "இடியப்பம் அவியுது. சொதி கொதிக்குது. சம்பல் அவியுறேல்லை, குலசிங்கம். கையால இடிச்சுக் கையால பிசைஞ்சு அப்பிடியே வருது. அந்த அவா ஆர்?"

அந்த அவா, பிலோமினா அக்கா. முல்லைத்தீவுக் கடற்கரைக் குடும்பம். புருசன் கடலோரக் களப்பில் இறால் பிடித்தவர், காலமாகிவிட்டார். அவர் போன பிறகு அக்கா இங்கே வந்து, விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து, செல்வராஜின் கடைக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துச் சீவித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர். ஒழுங்கையில் ஒரு பிள்ளைப்பேறு என்றால் முதலில் போய் நிற்கிறவர்.

டொக்டர் அங்கேயும் சவர்க்காரம் கேட்டார். கேட்ட உடனே வந்தது. குசினி பளிச்சென்று இருந்தது. தேங்காய்த் திருவலை, உரல், இடியப்பத் தட்டுகள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன.

"அக்கா, உங்களுக்குப் பெரிய காய்ச்சல் எப்ப வந்தது?"

"சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க வந்தது டொக்டர். கனநாள் கிடந்தனான். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை."

"சாப்பிட்ட பிறகு வயித்தில எந்தப் பக்கம் நோகிறது?"

பிலோமினா அக்கா வியந்து போய் வலது விலாவுக்குக் கீழே கை வைத்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மலப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினோம். முடிவு வரும்வரை சமைத்து விற்க வேண்டாம் என்று டொக்டர் கேட்டுக்கொண்டார். முடிவும் நினைத்தபடியே வந்தது: அவருடைய உடம்பில் அந்தக் கிருமி இருந்தது. அதைச் சொல்லப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"நான் கை கழுவாமலோ சமைக்கிறனான்?" பிலோமினா அக்காவின் குரல் உயர்ந்தது. "வந்து பாருங்கோ என்ரை குசினியை!"

"பாத்தனான் அக்கா. எங்கட அலுவலகத்தை விடத் துப்புரவு. அந்தப் பழைய காய்ச்சல் உங்களுக்கு மாறீட்டுது. கிருமி மட்டும் பித்தப்பைக்குள்ள தங்கீட்டுது. உங்களை ஒண்டும் செய்யாது. நல்லாக் கழுவினாலும் எப்பவாவது ஒருக்காக் கையில வந்திடும்."

பிலோமினா அக்கா கதிரையை இழுத்து அதில் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப தவராசாண்ணையின்ர பெட்டைக்கு வந்தது என்னாலயோ?"

நானாக இருந்தால் ஏதாவது பூசி மெழுகியிருப்பேன். டொக்டர், "ஓம் அக்கா. ஆனா உங்கட பிழை இல்லை" என்றார். இரண்டு வசனங்களையும் ஒரே குரலில் சொன்னார்.

ஒரு மாதத்துக்கு மருந்துக் குளிசை. பித்தப்பையில் கல் இருந்ததால் அதை எடுத்துவிட ஆஸ்பத்திரியில் ஒழுங்கு. அதன் பிறகு மலப் பரிசோதனைகள் அடுத்தடுத்துச் சுத்தமாக வந்தால் திரும்பவும் சமைக்கலாம். "விசயம் எங்களோட நிக்கும்" என்று டொக்டர் உறுதி சொன்னார். அயலுக்கு, அக்கா சமைக்காததற்கு உடம்பு சரியில்லை என்பதே காரணம்.

புதுக் காய்ச்சல் குறைந்து நின்றது. வேலையின்படி பார்த்தால் கதை இவ்வளவுதான். ஆனால் சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டு எங்களைக் கூப்பிட்டார்கள்.

தவராசா முன்வரிசையில் இருந்தார். மகள் இன்னும் ஆஸ்பத்திரியில். அவர் சவரம் செய்து பல நாட்கள் இருக்கும். "ஆரெண்டு சொல்லுங்கோ" என்றார்.

"எங்க இருந்து வந்ததெண்டு கண்டுபிடிச்சிட்டம், ஐயா. நிப்பாட்டியும் போட்டம்" என்றார் டொக்டர்.

"அதைக் கேக்கேல்லை. ஆர்?"

"அதைச் சொல்லமாட்டன்."

"செல்வராஜின்ர கடைதானே? என்ரை பிள்ளை ரியூசனுக்குப் போகேக்க அங்கதான் சாப்பிட்டவள்."

"கடைக்காரரிலயும் பிழை இல்லை, அங்க வேலை செய்யிற ஆக்களிலயும் பிழை இல்லை. அதை நான் எழுதியே தருவன்."

"பிறகேன் மறைக்கிறியள்?" என்று பின்னால் இருந்து ஒரு குரல். இன்னொரு குரல், "வந்தேறு குடியளைக் கடை போட விட்டா இப்பிடித்தான்" என்றது. டொக்டர் அந்தப் பக்கம் திரும்பி, யார் அதைச் சொன்னது என்று கேட்டார். ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த நாட்களில் செல்வராஜின் கடை வெறுமையானது. ஒரு காலை அவனுடைய கண்ணாடிப் பெட்டி கல்லெறியில் உடைந்து கிடந்தது. பொலிசுக்குப் போகச் சொன்னேன். அவன் போகவில்லை.

டொக்டர் செய்தது இதுதான்: எங்கள் அலுவலகத்தில் காலைச் சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டு வருவதை நிறுத்தச் சொன்னார். தினமும் காலையில் டொக்டர், நான், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவ மாதுக்கள், சாரதி எல்லோரும் செல்வராஜின் கடையில் ரொட்டி தின்று பிளேன்டீ குடித்தோம். சனம் பார்த்துக்கொண்டு போனது. உள்ளே வரவில்லை. சும்மா கிடைப்பதால் சாப்பிடுகிறார்கள் என்று கதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகு நான் பின்தங்கினேன். செல்வராஜிடம் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று தொடங்கினேன்.

"உம்மட கடையில இருந்து வரேல்லை எண்டு எங்களுக்குத் தெரியும், செல்வராஜ். ஆரெண்டு சொல்லத்தான் ஏலாமல் கிடக்கு."

அவன் மேசையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியுங்க சேர்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க அந்த வீட்டுக்குப் போன அன்னைக்கே அக்கா இடியப்பம் வராதுன்னு சொல்லி அனுப்பினாங்க. அடுத்த ரெண்டு மூணு கிழமையோட புதுசா ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. நான் சம்பல் வாங்குறது அவங்ககிட்ட மட்டும்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நான் அவனையே பார்த்தேன். "தெரிஞ்சுமோ பேசாமல் இருக்கிறீர்? கூட்டத்தில ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உம்மட கடை தப்பியிருக்குமே."

"கடை போனா வேற எடத்துல போடுவேன் சேர். அவங்க பேர சொல்லிட்டா அந்த ஒழுங்கையில அவங்க எப்படி இருப்பாங்க? எம் புள்ள பொறந்தப்ப எம் பொஞ்சாதிக்குப் பத்தியம் சமைச்சுக் குடுத்தது அவங்கதான். எங்க ஆளுங்க யாரும் இங்க இல்ல."

துணியைப் பிழிந்து போட்டுவிட்டு அவன் உள்ளே போனான்.

பிலோமினா அக்காவுக்குக் குளிசை கொடுத்துப் பார்க்கப் போவது என் வேலையாக இருந்தது. அடுத்த முறை போனபோது அவர் வாசல் படலையிலேயே காத்திருந்தார்.

"தம்பி, செல்வராஜின்ர கடைக்குக் கல்லெறிஞ்சதாம். உண்மையோ?"

"ஓம் அக்கா."

"எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகேக்கதான் தெரிய வந்தது. நான் வெளியில திரியிறேல்லை. ஆரும் என்னட்டச் சொல்லவுமில்லை." படலையைத் திறந்து விட்டார். "அவருக்கு என்னைப் பற்றித் தெரியுமோ?"

நான் பையைத் திறந்து குளிசையைத் தேடினேன். அவனுக்குத் தெரியும் என்று விளங்க அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. குளிசையை வாங்கி என் முன்னாலேயே விழுங்கினார். 

சில நாட்களுக்குப் பிறகு தவராசா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருந்து, கையிலிருந்த அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டார்.

"அவா வந்தவா" என்றார். "நேற்றுப் பின்னேரம். உள்ளுக்கு வாங்கோ எண்டன். வரேல்லை. படலையடியில நிண்டே சொன்னவா. செல்வராஜின்ர கடையில இல்லை தவராசாண்ணை, என்ரை கையால வந்தது எண்டு. என்ரை மனிசி கத்தத் தொடங்கீட்டா. அயலட்டை எல்லாம் எட்டிப் பாக்குது. அவா அசையேல்லை. முழுக்கக் கேட்டுப்போட்டுத்தான் போனவா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. என்னத்தைச் சொல்லுறது? பிள்ளை பிழைச்சிட்டாள். பிழைக்காட்டி என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியேல்லை." எழும்பினார். "அந்தப் பெட்டியின்ர அளவு எடுத்துக்கொண்டு வாறன். மரச்சட்டமும் முறிஞ்சு போச்சு. கண்ணாடி மாத்தினா மட்டும் நிக்காது."

எந்தப் பெட்டி என்று அவர் சொல்லவில்லை. கல்லெறிந்தது யார் என்று நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கிழமைக்குள் செல்வராஜின் கடையில் புது மரச்சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி நின்றது.

அன்று தவராசா போன பிறகு நான் டொக்டரிடம் கேட்டேன். கடைசியில் பெயர் வெளியே வந்துதானே விட்டது, அதை நாங்களே கூட்டத்தில் சொல்லியிருந்தால் ஒரு கடை உடையாமல் இருந்திருக்குமே என்று.  

"இருந்திருக்கும்" என்றார் டொக்டர். "ஆனா அடுத்த முறை காய்ச்சல் வரேக்க ஒரு வீடும் எங்களுக்குச் சவர்க்காரம் தராது." பிறகு, "அவா தானாச் சொன்னவா. நாங்கள் சொல்லியிருந்தா அது வேற" என்றார்.

அது முழுமையான பதில் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். நானும் நினைக்கவில்லை. இன்றுவரை அதைவிட நல்ல பதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. படம் அனுப்பிய பிள்ளைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

பிலோமினா அக்காவின் பித்தப்பையை எடுத்தார்கள். பரிசோதனைகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாக வந்தன. சமைக்கலாம் என்று டொக்டர் தானே போய்ச் சொன்னார். ஆனால் ஒழுங்கை அவ்வளவு விரைவில் மறக்கவில்லை. முந்தி இடியப்பம் வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னது. சிலர் பூசையிலும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. திரும்பவும் வாங்கியவன் செல்வராஜ் ஒருவன்தான். சம்பலைக் கடையிலேயே இடிக்கும்படி அக்கா சொல்லிப் பார்த்தார். இடியப்பம் வாங்கினால் சம்பலும் சேர்த்துத்தான் வாங்குவேன் என்று அவன் பிடிவாதமாக நின்றான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையில் பழைய கூட்டத்தில் அரைவாசியாவது திரும்பியிருந்தது. பிலோமினா அக்கா அப்போதுதான் ஓலைப்பெட்டியைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, வெறும் பெட்டியை எடுப்பதற்காக நின்றார். பள்ளிக்கூடச் சீருடையில் சுகந்தி உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு செல்வராஜிடம், "ஒரு பார்சல் இடியப்பம்" என்றாள்.

செல்வராஜ் கரண்டியைக் கையில் எடுத்தபடி, "சம்பல் போடவா?" என்று கேட்டான்.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போடுங்கோ" என்றாள் சுகந்தி. "கொஞ்சமாப் போடுங்கோ. உறைப்பு இன்னும் வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்லை."

பார்சலை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். அக்காவும் வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை நான் போனபோது செல்வராஜ் எனக்கு ஒன்றைக் காட்டினான். அக்கா கொண்டு வந்த ஓலைப்பெட்டியில் இடியப்பத்துக்கு மேல், வாழையிலையில் சின்னதாக ஒரு சரைப் பொட்டலம் தனியே கட்டி வைத்திருந்தது. உள்ளே வெள்ளைச் சம்பல். மிளகாயே போடவில்லை.

"தெனமும் ஒண்ணு வருது சேர்" என்றான்.